உகாண்டாவுக்கு ஏன் இங்கே கையெழுத்து?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 23. தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான உகாண்டா சட்டத்தைக் கண்டித்து நண்பர்களோடு கையெழுத்து வாங்குகிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சங்கத்து ஆள். "தெருக் குழாயில தண்ணி வரல, உனக்கு உகாண்டா கேக்குதா" என்கிறார். அம்மா "அப்போ நீயும் அப்படியா" என்று அழுகிறார். விட்டுவிடவா?

பதில்: விடாதே தங்கச்சி.

அப்பா சங்கத்து ஆள் என்றால் மே 1 அன்று கொடியேற்றாமல் இருந்திருக்க மாட்டார். 1886-ல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்களின் நாள் அது, 1923-லேயே அதைச் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். சிகாகோக்காரன் நமக்கு என்ன மாமனா மச்சானா என்று அவர் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது அப்பாவிடம் இதைப் பேசு, சண்டையாக வேண்டாம். தண்ணீருக்கும் காலிக் குடத்தோடு போய் நில், அது வேறு, இது வேறு.

அப்புறம், அந்த உகாண்டா சட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன் 1860-ல் நமக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத்தான் சிங்கப்பூர், மலேசியா, ஆப்பிரிக்கா என்று தான் ஆண்ட பல இடங்களுக்கும் கொண்டுபோனான். நமக்கே 2018-ல் உச்ச நீதிமன்றத்தால்தான் விடிவு வந்தது, சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-ல் நீக்கியது, உகாண்டாவோ 2023-ல் ஆயுள் தண்டனை, சிலவற்றுக்கு மரண தண்டனை என்று போய்விட்டது.

அம்மா விஷயம்தான் கஷ்டம். பதறிப்போய் "ஐயோ, நான் அப்படி இல்லம்மா" என்று மட்டும் சொல்லாதே, அது ஏதோ கேவலம் என்று நீயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். உண்மையிலேயே ஆமாம் என்றாலும், எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்று யாராவது அம்மாவிடம் ஓதினால், அப்படிப்பட்ட சிகிச்சையே கூடாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதினார். அம்மாவை அவசரப்படுத்தாதே, அதற்காகக் கையெழுத்து வாங்கும் வேலையையும் நிறுத்தாதே.

சரி, மனுவுக்கு வருவோம். உகாண்டாவில் இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் அந்த நாட்டு மக்களே. வீடு வாடகைக்குக் கொடுத்தவரையும், தெரிந்தும் போலீசில் சொல்லாதவரையும் தண்டிக்கும் பிரிவுகள் 2024 ஏப்ரலில் அங்கே நீதிமன்றத்தில் செல்லாது என்றாகிவிட்டன, சட்டத்தின் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. அதனால் மனுவில் என்ன கேட்பது என்று அவர்கள் சொல்வதைப் பார்த்து எழுதுங்கள். கையெழுத்துத் தாளைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடவே போடாதீர்கள். அதில் பேரும் போன் நம்பரும் எழுதிய ஒரு பையன் இன்னும் தன் வீட்டில் வாய் திறக்காதவனாக இருக்கலாம், அவன் மாமா அதைப் பார்த்துவிட்டால் அடி வாங்கப்போவது அவன்தான்.