மச்சான் போட்ட கொட்டேஷன், அடகில் மனைவி நகை

கேள்வி: கடலூர் செம்மண்டலம் பக்கம், 11 மாத ஒப்பந்தத்தில் எடுத்த வாடகை ஷெட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 20-க்கு 30 அடி, தகர ஷீட் கூரை. உள்ளே கரியும் கிரீஸுமாக இருப்பதால் பெரிய வண்டிக்காரர்கள் தயங்குகிறார்கள். வில்லியனூரில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் மச்சான் (மனைவியின் தம்பி), சுவருக்கு பிவிசி பேனல், மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், லைட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் சொல்கிறார். மனைவியின் 10 பவுன் நகை ஏற்கெனவே வங்கியில் 3.20 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் இரண்டரை லட்சம் தருகிறோம் என்கிறார்கள். வட்டி 10 சதவீதம். எல்லாச் செலவும் போக, நகை வட்டிக்கு முன்னால், மாதம் 9,000 ரூபாய் மிஞ்சும். வாங்கலாமா? மறுத்தால் வீட்டில் மனஸ்தாபம் வரும்.

பதில்: பேனலைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கடிதத்தோடு வந்த அடகு ரசீதுகளைத்தான் முதலில் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன் கம்ப்ரஸருக்கும் லிஃப்டுக்கும் ஒன்றரை லட்சம். சரி, தொழிலுக்கு வாங்கியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் திருப்பி வைக்கும்போது பள்ளிக்கூட ஃபீஸுக்காக 50,000 கூட. அதற்கடுத்த வருஷம் உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சீர் என்று 70,000. போன முறை இன்னொரு 50,000. எதற்கு என்று பார்த்தால், சேர்ந்துபோன வட்டியைக் கட்டவும் கைச்செலவுக்கும்.

இதுவரை வட்டி மட்டும் 15, 20, 27, 32 என்று தோராயமாக 94 ஆயிரம் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. தங்கம் விலை ஏறினால் உங்களுக்கு வருமானம் ஏறியதாக அர்த்தமில்லை. அதே நகையின் பேரில் இன்னும் அதிகமாகக் கடன்படலாம் என்று மட்டும்தான் அர்த்தம். வங்கியில் அதை ஏதோ சலுகை மாதிரி சொல்வார்கள். இந்த 'ஏத்தி வைக்கிற' பழக்கம்தான் உங்களைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது இரண்டரை லட்சத்தையும் சேருங்கள். மொத்தம் 5.70 லட்சம், வருஷ வட்டி 57,000, அதாவது மாதம் 4,750. மிஞ்சுகிற 9,000-ல் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலை எப்போது தொடுவீர்கள்?

அவ்வளவு பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். உங்கள் பெயரில் இல்லாத சுவருக்கு! 11 மாத ஒப்பந்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓனர் காலி செய்யச் சொன்னால் ஸ்குரூ அடித்த பேனலையும் சீலிங்கையும் கழற்றி எடுத்துப்போய் எங்கே மாட்டுவீர்கள்?

சரி, பேனல். வரவேற்பறைக்கு பிவிசி பேனல் பளபளவென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஷெட்டில் கிரைண்டர் ஓடுகிறது, வெல்டிங் நடக்கிறது. பொறி பட்ட இடத்தில் பிவிசி உருகி ஓட்டை விழும். எரிந்தால் அதிலிருந்து வரும் கரும்புகை நுரையீரலை அரிக்கும் ஆசிட் புகை. ஜிப்சம் நெருப்பைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. தகர ஷீட்டில் ஒரு போல்ட் வாஷர் தேய்ந்தால் போதும். ஐப்பசி மழையில் பலகை ஊறி, தொய்ந்து, ஒருநாள் கஸ்டமர் வண்டியின் பானெட்டில் வந்து விழும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்குப் பக்கமாகக் கொட்டியது, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் ஊருக்குள் புகுந்தது. அதைப் பார்த்தவர்கள் தகரக் கூரைக்குக் கீழே ஜிப்சம் மாட்ட யோசிப்பார்கள். போதாக்குறைக்கு, சீலிங்குக்கு மேலே எலி குடியிருக்கும், அது வயரைக் கடிக்கும்.

உங்களுக்கு வேண்டியது வெளிச்சமும் துடைத்தால் போகிற சுவரும் கொஞ்சம் சூடு குறைவதும்தானே? கூரை 600 சதுர அடி. ஒழுகல் அடைத்து, வெளிப்புறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்க சதுர அடிக்கு 25 ரூபாய் வைத்தால் 15,000. சுவர், ஷட்டரும் ஜன்னலும் போக, ஏறக்குறைய 1,000 சதுர அடி. கீழே நாலடி உயரத்துக்குச் சாம்பல் நிற எனாமல், அதற்கு மேலே வெள்ளை. கிரீஸ் பட்டால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிடலாம். இது 20,000. காற்றில் சுழலும் வென்டிலேட்டர் இரண்டு, 10,000. ஆகமொத்தம் 45,000. நாளைக்குப் பெயின்டரைக் கூப்பிட்டுக் கேட்டால் ஐந்து, பத்து கூடக்குறைய வரும், அவ்வளவுதான்.

இதற்கு அடகு வேண்டாம். மாதம் 9,000 என்றால் ஐந்து மாதத்தில் கைக்காசிலேயே முடியும். மழைக்கு முன்னால் கூரை, மற்றது மெதுவாக. கூரைச் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று ஓனரிடம் கேளுங்கள். ஷீட் அவருடையது, கேட்பதில் தப்பில்லை. ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள்.

மீதி ஏழு மாதத்தில் 63,000 சேரும். அதில் வருஷ வட்டி 32,000 போக 31,000 அசலுக்கு. நகைக்கடனில் கையில் இருக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். மாதாமாதம் கட்டினால் வட்டியும் குறையும். அடுத்த முறை திருப்பி வைக்கும்போது 10 பவுனையும் ஒரே கணக்கில் போடாமல் மூன்று கணக்காகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். சின்னக் கணக்கை முதலில் அடைத்தால் மனைவியின் வளையலாவது வீடு வந்து சேரும். மாதம் 9,000 முழுவதையும் இதற்கே கட்ட ஆரம்பித்தால் 3.20 லட்சமும் மூன்றரை வருஷத்தில் முடியும்.

மச்சானிடம் என்ன சொல்வது? பொய் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக் கட்டடம், ஓனர் சம்மதிக்காமல் சுவரில் துளை போட முடியாது என்பது உண்மைதான். கஸ்டமர் உட்கார 8-க்கு 10 அடியில் ஒரு கேபின் மட்டும், அடுத்த வருஷம், ஃபைபர் சிமென்ட் போர்டில், ஜிஐ சேனலில் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில்) ஸ்குரூ போட்டுக் கழற்றி எடுக்கிற மாதிரி அவரையே செய்யச் சொல்லுங்கள். அந்தப் போர்டு ஈரத்தையும் பொறியையும் தாங்கும். அதற்கும் பில் வாங்குங்கள், முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மனைவியிடம் கொட்டேஷனைக் காட்டாமல் அடகு ரசீதுகளை வரிசையாக வைத்துக் காட்டுங்கள். தம்பிக்கு வேலை கொடுக்கச் சொல்பவருக்கும் தன் நகை எத்தனை ரூபாயில் மாட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டும் இல்லையா?