தராசுக்கு முன்னால் வாய் வரவில்லையே, அக்கா

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 31 வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரண்டு பிள்ளைகளும் மாமியும் என்னோடு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறார்கள். எங்கள் டிவிஷனில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். நான் 19, 20 கிலோ கொண்டுபோவேன். சாக்குக்கு, தண்ணிக்கு, முத்தின இலைக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழித்துக்கொண்டே வந்து, அந்திக்குப் பார்த்தால் 16, 17 என்று நிற்கும். அரைப்பேர்தான் விழும். வெயில் காய்கிற நாளிலும் தண்ணிக்குக் கழிக்கிறார்கள். நிறுக்கிற கணக்கப்பிள்ளை ஐயா எங்கள் சபையில் மூப்பர். தினமும் இரவில், "ஆண்டவரே, நாளைக்காவது கேட்கத் தைரியம் தாரும்" என்று அழுது ஜெபிக்கிறேன். மறுநாள் தராசுக்கு முன்னால் நின்றால் வாய் வருவதில்லை. மாமியோ, "எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லி வேதத்திலேயே இருக்கு. வாயை மூடிக்கிட்டு இரு, கர்த்தர் பாத்துக்குவார்" என்கிறார். என் விசுவாசம் குறைவா? கேட்பது பாவமா?

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்பது பாவம் இல்லை. தராசு, நிறைகல் எல்லாம் உலகக் காரியம், அதையெல்லாம் ஜெபத்தில் கொண்டுவரக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேதம் அப்படி நினைக்கவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்கிறது நீதிமொழிகள் 11:1. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் அதையே கட்டளையாகச் சொல்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி, அளவைக் குறைத்துத் தராசில் வஞ்சிக்கிறவர்களைப் பெயர் சொல்லாத குறையாகத் திட்டுகிறார். யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்கிறார். உங்கள் இரண்டு மூன்று கிலோ கொழுந்தின் கணக்கு ஆண்டவருக்குச் சின்ன விஷயம் இல்லை, தங்கச்சி.

சரி, மாமி சொல்லும் வசனம்? அது உண்மையில் இருக்கிறது. 1 பேதுரு 2:18, வேலைக்காரர் முரட்டுக் குணமுள்ள எஜமான்களுக்கும் கீழ்ப்படிந்திருக்க வேண்டும் என்கிறது. மாமியை மரியாதையோடு உட்காரவைத்து, இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். ஒன்று கொலோசெயர் 4:1. எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று அங்கே பவுல் எழுதுகிறார். இன்னொன்று அப்போஸ்தலர் 16. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள், "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. ரோமரான எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அதிகாரிகள் வந்து அவர்களிடம் தயவாய்ப் பேசி அழைத்துக்கொண்டு போனார்கள். தனக்கு நடந்த அநியாயத்தைப் பவுல் வாய்விட்டுச் சொன்னார், அதனால் அவருடைய சாட்சி கெட்டுப்போகவில்லை. பேதுரு எழுதியது சட்டத்தில் வேறு வழியே இல்லாத அடிமைகளுக்கு. உங்களுக்கோ செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பதிவில், பெயர் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வாக்குரிமை இருக்கிறது, தொழில் சட்டம் இருக்கிறது.

ஆனாலும் மாமியின் மேல் கோபப்பட வேண்டாம். அவர் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். 1948இல் மலையகத் தமிழரான நம் சனத்தின் பிரஜாவுரிமை போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் ஒரே லயத்துச் சொந்தங்களில் பாதி இங்கே, பாதி இந்தியாவில் என்று ஆனது. நாடற்றவர்களாய் மிஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர்கள் மத்தியில் வளர்ந்த ஒரு பெண், மருமகளைப் பார்த்து "வாயை மூடு" என்றால் அதில் அன்பும் இருக்கிறது. இன்றைக்கும் குடியிருக்கிற காம்பிராவும் செய்கிற வேலையும் ஒரே கையில் இருக்கும்போது யாருக்குத்தான் வாய் சுலபமாக வரும்? நானும் லயத்தில் பிறந்தவள்தான். உங்கள் தொண்டையை அடைக்கிற அந்தப் பயத்தில் உங்களுடையது கொஞ்சம்தான், மிச்சம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்தது.

சபையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1854இல் தோட்டத்துத் தமிழருக்கென்று தொடங்கிய அங்கிலிக்கன் மிஷன், தோட்டத்தை நடத்துகிற துரைமாரின் ஆதரவோடும் பண உதவியோடும்தான் தொடங்கியது. அந்த ஊழியத்தால் நம் ஆட்கள் எழுத்துக் கற்றார்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் துரையின் தயவில் நடக்கிற பிரசங்கத்தில் "கீழ்ப்படி" என்பது சத்தமாகவும் "நீதியும் செவ்வையும்" என்பது மெதுவாகவும் கேட்டிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வேறு குரல்களும் இருந்தன. அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தார். அவரை அதற்குள் தள்ளியதும் இதே சுவிசேஷம்தான்.

இப்போது உங்களை அதிகம் வாட்டுகிற கேள்விக்கு வருகிறேன். பயம் வந்தால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

நெகேமியாவின் முதல் இரண்டு அதிகாரங்களை இன்றிரவு வாசியுங்கள். பெர்சிய ராஜா அர்தசஷ்டாவுக்கு அவர் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் அவருக்கு வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசிக்கிறார், ஜெபிக்கிறார். ராஜாவிடம் பேசக் கிடைத்ததோ நிசான் மாதத்தில். ஏறத்தாழ நான்கு மாதம். அத்தனை நாள் ஜெபித்த மனுஷனிடம் ராஜா, "ஏன் உன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டபோது, அவர் சிங்கம்போல நிமிர்ந்து நின்றாரா? மிகவும் பயந்தேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நான்கு மாத ஜெபம் அவருடைய பயத்தைப் போக்கவில்லை! பயந்தபடியேதான் வாயைத் திறந்தார்.

அடுத்து நடந்ததை நான் எத்தனை தடவை வாசித்தாலும் நெஞ்சு நிறைகிறது. "நீ கேட்கிற காரியம் என்ன?" என்கிறார் ராஜா. நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, பிறகு பதில் சொல்கிறார். ராஜா கேட்டு முடித்ததற்கும் அவர் பேசத் தொடங்கியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். முழங்காற்படியிட முடியாது, கண்ணைக்கூட மூட முடியாது. அந்த ஜெபத்தின் வார்த்தைகள் வேதத்தில் எழுதப்படவே இல்லை.

நீங்கள் ஒவ்வொரு இரவும் கேட்பது, விடியும்முன் பயம் போய்விட வேண்டும் என்று. அது போகாததால், ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். கெத்செமனேயில் நம் ஆண்டவரே திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அவருக்கே வந்த ஒன்று உங்களுக்கு வந்தால் அது எப்படி அவிசுவாசம் ஆகும்? "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள்ளே இருக்கின்றன. ஆகவே இரவு ஜெபத்தை விடாதீர்கள், ஆனால் அதில் கேட்பதை மாற்றுங்கள். "பயத்தை எடுத்துப்போடும்" என்பதோடு நிறுத்தாமல், "பயந்துகொண்டே நான் கேட்கப்போகிற அந்த ஒரு வார்த்தையில் கூட இரும்" என்று கேளுங்கள். தராசுக்கு முன்னால் நின்றதும் மனசுக்குள் "ஆண்டவரே" என்றால் போதும். அப்புறம் பேசுங்கள்.

என்ன பேசுவது? இங்கேயும் நெகேமியாதான் துணை. எத்தனை நாள் ஆகும் என்று ராஜா கேட்டதும் காலம் குறித்துச் சொன்னார். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார். மரம் வேண்டும், அதற்கு ராஜாவின் வனத்துக் காவலாளனுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று அந்த ஆளின் பெயரைச் சொல்லியே கேட்டார். நான்கு மாதமும் அவர் கணக்கும் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது தெரியவில்லையா?

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, நாளையிலிருந்து எழுதுங்கள். தேதி, மழையா வெயிலா, ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா. ஒரு மாதம் எழுதி, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரைப்பேரால் குறைவது அன்றைய கூலி மட்டும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்டுகிற 12 சதவீதமும் உங்களிடம் பிடிக்கிற 8 சதவீதமும் சம்பளத்தின் மேல்தான் கணக்காகும், ஆகவே வயதான காலத்துக்கான காசும் சேர்ந்தே குறைகிறது.

ஒன்றில் நியாயமாக இருங்கள். நனைந்த கொழுந்தில் தண்ணீரின் எடை இருக்கும், சாக்குக்கும் எடை இருக்கும். கழிப்பதே அநியாயம் என்று போய் நின்றால், உங்கள் பேச்சு முதல் வார்த்தையிலேயே விழுந்துவிடும். "ஐயா, இன்னைக்கு எவ்வளவு கழிச்சீங்க, எதுக்குன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவ்வளவுதான். வெயில் நாளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்குத்தான் கஷ்டம்.

தனியாகக் கேட்க வேண்டாம். எண்ணாகமம் 27இல் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து சகோதரிகள் வருகிறார்கள். தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதால் அவருடைய பங்கு நிலம் போகவிருந்தது. ஐவரும் சேர்ந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று, எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்றார்கள். அவர்கள் பேசுவது சரிதான் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார், அது எல்லாருக்கும் சட்டமும் ஆனது. உங்களோடு மலையில் நிற்கிற பெண்களுக்கும் இதே கழிவுதானே? இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, அவர்களும் கொப்பியில் எழுதட்டும்.

மூப்பர் விஷயம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. அவரே எடுத்துக்கொள்கிறார் என்று இப்போதே முடிவுகட்டிவிடாதீர்கள். இவ்வளவு கழி என்று மேலேயிருந்து சொல்லியிருக்கலாம், அவருக்கும் வாய் வராமல் இருக்கலாம். சகோதரன் குற்றஞ்செய்தால் முதலில் தனியாகப் போய் உணர்த்து, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்று மத்தேயு 18இல் ஆண்டவர் சொல்கிறார். நீங்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிற பெண். ஆகவே முதல் தடவையே சபையில் மூத்த ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அவர் மனைவியும் இருக்கும்போது வீட்டுக்குப் போங்கள். தராசடியில் பத்துப் பேர் முன்னால் கேட்பதைவிட அங்கே அவருக்கும் மனசு திறக்கலாம். போதகருக்கும் தெரியட்டும். அவர் "பொறுத்துப் போங்கள்" என்று மட்டும் சொன்னால், நீதிமொழிகள் 11:1ஐ அவருக்கு முன்னால் வாசியுங்கள்.

இதெல்லாம் செய்தும் கழிவு நிற்காவிட்டால் சங்கத்தின் தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் சொல்லுங்கள், அப்புறம் எல்லாருமாக துரையின் ஆபீசுக்குப் போங்கள். அங்கேயும் ஒன்றும் நடக்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. கொப்பியின் பிரதிகளையும் சம்பளச் சீட்டுகளின் பிரதிகளையும் மட்டும் கொடுத்துவிட்டு, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டதற்குத் தேதி போட்ட துண்டு ஒன்றை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

அன்புடன்,
அக்கா