'200 வாட்' என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா? சோலார் விளக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிச்சுவரில் மாட்ட ஒரு சோலார் விளக்கு பார்த்தேன். பெட்டியில் '200 வாட்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பேனலோ ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சின்னது. வாங்கலாமா?

பதில்: பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேலை எடுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறக்குறைய 1000 வாட். நல்ல மோனோ (ஒற்றைப் படிக சிலிக்கான்) பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 வாட்டை மின்சாரமாக்கும். உங்கள் பேனல் 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 0.03 சதுர மீட்டர். அதிலிருந்து அதிகபட்சம் 6 வாட்தான் வரும். ஓரச் சட்டத்தையும் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கழித்தால் 4 அல்லது 5 வாட். நாளொன்றுக்கு முழு வெயிலுக்குச் சமமான நேரம் 4 மணி என்று வைத்தால், நாள் முழுக்கச் சேர்வது 20 வாட்-மணிக்கு (ஒரு வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரியத் தேவைப்படுவது ஒரு வாட்-மணி) உள்ளேதான். தூசி, சூடு, பேட்டரி இழப்பு போக இரவுக்குக் கையில் இருப்பது 12. உண்மையிலேயே 200 வாட் விளக்காக இருந்தால் அது நாலு நிமிடத்துக்குக்கூடக் காணாது.

அந்த 200 பெரும்பாலும் பலகையில் பதித்திருக்கும் எல்இடிகளின் எண்ணிக்கையாக இருக்கும். இல்லையென்றால் வெறும் அலங்காரம். பேனல் எத்தனை வாட், பேட்டரி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-மணி, வெளிச்சம் எத்தனை லூமன் என்று கேளுங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமனோ அதற்குச் சற்று அதிகமோ தரும். 12 வாட்-மணியை 10 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 1.2 வாட், சுமார் 120 லூமன். படிக்கட்டு தெரியும், பூட்டுத் துவாரம் தெரியும். அது போதுமென்றால் தாராளமாக வாங்கலாம். முற்றம் முழுக்கப் பகல் போல வேண்டுமென்றால் அந்த அளவுப் பேனலால் முடியாது.

பேட்டரியிலும் இதே கதைதான். 18650 வகை லித்தியம் செல்லில் '9900 எம்ஏஹெச்' (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த உருளைக்குள் அடங்குவது 3500-ஐ ஒட்டித்தான். தராசில் வைத்தும் பார்க்கலாம். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம்தான் என்றால் உள்ளே பாதி காலி.

கேள்வி: தோட்டத்தில் குத்திவைக்கும் சின்ன சோலார் விளக்குகள் முதலில் நள்ளிரவு வரை எரிந்தன. இப்போது ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடுகின்றன. உள்ளே 600 எம்ஏஹெச் பேட்டரி. 2000 போட்டால் விடிய விடிய எரியுமா?

பதில்: எரியாது. குடத்தைப் பெரிதாக்குகிறீர்கள், குழாயில் வரும் தண்ணீர் அதேதான். அந்த விளக்கின் பேனல் 2 வோல்ட்டில் 50, 60 மில்லி ஆம்பியர் தரும். நாளெல்லாம் சேர்ந்தால் சுமார் 250 எம்ஏஹெச். பேட்டரியில் தங்குவது அதில் 200. எல்இடி எரிய 3 வோல்ட் வேண்டும், பேட்டரியிலோ 1.2 வோல்ட்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் நாலு கால் ஐசியும் (சிப்) ஒரு சின்னக் கம்பிச்சுருளும் சேர்ந்து வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கின்றன. அதற்காகப் பேட்டரியிலிருந்து 45, 50 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன. ஆக, கிடைப்பது நாலு மணி நேரம். 2000 எம்ஏஹெச் செல் போட்டால் அது என்றைக்கும் நிறையாமல் அரைகுறையாகவே கிடக்கும். பழைய அளவிலேயே புதிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுங்கள், போதும்.

மாற்றுவதற்கு முன் செல்தான் குற்றவாளியா என்று பாருங்கள். ஒரு முழு நாள் நல்ல வெயிலில் வைத்து, மாலையில் மல்டிமீட்டரால் செல்லை அளக்கவும். 1.3 வோல்ட்டுக்கு மேல் காட்டி, ஒரு மணி நேரம் எரிந்த பிறகு 1 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் செல் ஓய்ந்துவிட்டது. மாலையிலேயே 1.2-ஐ எட்டவில்லை என்றால் பேனலையும் சந்தேகிக்க வேண்டும். மலிவான பேனல்கள்மேல் கண்ணாடி இருக்காது, எபாக்சி பூச்சுதான். வெயிலில் ஓரிரு வருடத்தில் அது மஞ்சளாகிப் பால் படர்ந்ததுபோல் ஆகிவிடும். 1000, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, காய்ந்ததும் நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அதே அளவில் கிடைக்கிறதே என்று சாதாரண ஆல்கலைன் செல்லைப் போடாதீர்கள். சார்ஜ் ஏற்றினால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் இதே அளவில் உண்டு. அதைப் போட்டால் ஐசி பழுதாகிவிடலாம். இன்னொன்று, இந்த வகை விளக்குகள் பலவற்றில் சுவிட்ச் 'ஆஃப்' நிலையில் இருந்தால் சார்ஜும் ஏறாது. 'அணைத்துவைத்துத்தான் வெயிலில் காயவைத்தேன்' என்பவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: தெருவிளக்குக்குப் பக்கத்தில் வைத்த விளக்கு மட்டும் எரிவதே இல்லை. சென்சார் பழுதா?

பதில்: தனியாக சென்சார் இல்லை, பேனல்தான் கண். அதன் வோல்ட் விழுந்தால்தான் இரவு என்று ஐசி நினைக்கும். பேனலைத் தெருவிளக்குக்கு முதுகு காட்டித் திருப்புங்கள்.

கேள்வி: வாசல் கேட்டுக்கு நானே ஒரு விளக்கு செய்ய நினைக்கிறேன். விடியும்வரை எரிய வேண்டும், ஆள் வந்தால் நல்ல வெளிச்சம் வேண்டும். என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: வாங்குவதற்கு முன் இரவுக் கணக்கை எழுதுங்கள். 5 வாட்டை 12 மணி நேரம் எரித்தால் 60 வாட்-மணி. அதற்கான பேனலும் பேட்டரியும் விலையிலும் எடையிலும் பெரிதாகிவிடும். அதற்குப் பதில் அரை வாட்டில் மங்கலாக எரியவிட்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் 5 வாட்டுக்கு உயர்த்தினால்? மங்கல் வெளிச்சத்துக்கு 12 மணி நேரத்தில் 6 வாட்-மணி. முழு வெளிச்சம் இரவு முழுக்கச் சேர்த்து அரை மணி நேரம் என்று வைத்தால் 2.5. மொத்தம் 8.5. ஏழில் ஒரு பங்காகிவிட்டது. பணத்தை மிச்சப்படுத்துவது இந்த ஒரு முடிவுதான், பேரம் பேசுவது அல்ல.

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடுங்கள். 32650 அளவில் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி செல் ஒன்று, 19 வாட்-மணி. இரண்டு இரவு தாங்கும். வெயிலில் சூடேறும் பெட்டிக்குள் சாதாரண லித்தியம் அயனைவிட இது பொறுமையானது. முறையாகப் பயன்படுத்தினால் 2000 முறை அளவுக்கு ஏற்றி இறக்கலாம். வெள்ளை எல்இடிக்கு வேண்டிய 3 வோல்ட்டை ஒட்டியே இதன் வோல்ட் இருப்பது இன்னொரு வசதி, இடையில் வோல்ட் மாற்றும் வேலை இல்லை.

பேனலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். '10 வாட் பேனல்' என்று மட்டும் கேட்டால் 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலைக் கொடுத்துவிடுவார்கள். அது 18 வோல்ட்டில் 0.55 ஆம்பியர் தருவது. எளிய சார்ஜ் போர்டு வோல்ட்டை மாற்றாது, வரும் ஆம்பியரை அப்படியே பேட்டரிக்கு விடும். அதே 10 வாட்டில் 6 வோல்ட் பேனல் என்றால் 1.6 ஆம்பியர், மூன்று மடங்கு சார்ஜ். 18 வோல்ட் பேனலைத் திறந்த நிலையில் அளந்தால் 21 காட்டும், அது போர்டையே எரித்துவிடவும் கூடும். 6 வோல்ட், 10 வாட் என்று கேட்டு வாங்குங்கள். இழப்பு போக ஒரு நாளில் 4 ஆம்பியர்-மணி ஏறும். இரவில் செலவு 2.7. மிச்சம்தான் மேகமூட்டமான நாளின் பாக்கியை அடைக்கும்.

கட்டுப்பாட்டுக்கு '3.2 வோல்ட் சோலார் தெருவிளக்கு போர்டு' என்று கேளுங்கள், அதிலும் ஆள் சென்சார் சேர்ந்தது. பேனல், பேட்டரி, எல்இடி மூன்றுக்கும் அதிலேயே இணைப்புகள் இருக்கும். இருட்டினால் போடும், விடிந்தால் அணைக்கும். பேட்டரி 2.5 வோல்ட்டுக்கு இறங்குமுன் துண்டிக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். மலிவாகக் கிடைக்கும் டிபி4056 என்ற லித்தியம் அயன் சார்ஜ் போர்டை இதற்கு மாட்டாதீர்கள். அது 4.2 வோல்ட் வரை ஏற்றும், இந்தச் செல்லின் எல்லை 3.65.

எல்இடிக்கு அலுமினியப் பலகையில் அரை வாட் எல்இடி 20, எல்லாம் இணையாக இணைத்தது. 10 போதுமே என்று தோன்றும். 20 எல்இடியைப் பாதி மின்னோட்டத்தில் ஓட்டினால் சூடும் குறையும், அதே மின்சாரத்துக்கு வெளிச்சமும் கூடும்.

பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு எல்இடி, கடைசியில் பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

பேட்டரியும் எல்இடியும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். 0.75 சதுர மி.மீ. வயரில் பேட்டரியை 5 மீட்டர் தள்ளி வைத்தால், போய்வரும் 10 மீட்டரில் 1.5 ஆம்பியருக்கு 0.3 வோல்ட்டுக்கு மேல் விழும். 12 வோல்ட்டில் அது பொருட்டே இல்லை. 3.2 வோல்ட்டில் எல்இடி பாதியாக மங்கிவிடும். வெயில் தேடி நகர்த்த வேண்டியது பேனலை மட்டும்தான். அந்தப் பக்கம் 6 வோல்ட் இருப்பதால் இந்த இழப்பைத் தாங்கும்.

கேள்வி: பேனல் மரத்தடியில்தான் இருக்கிறது. நேர் வெயில் இல்லாவிட்டாலும் வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: நம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். நிழலில் பேனலுக்குக் கிடைப்பது நேர் வெயிலில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் கீழே. பாதி நிழலும் மோசம்தான். செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், ஒரே செல்மேல் இலை விழுந்தாலும் மொத்த வரிசையின் மின்னோட்டமும் அந்தச் செல்லின் அளவுக்கு இறங்கிவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் தெற்குப் பார்த்தும், தெற்கே இருப்பவர்கள் வடக்குப் பார்த்தும் சாய்த்து வையுங்கள். சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகை அளவு. அது மிகக் குறைவாக இருந்தாலும் 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம், மழை வந்து தூசியைக் கழுவ அந்தச் சாய்வு தேவை.

கேள்வி: ஆள் சென்சார் விளக்கு. யாரும் இல்லாதபோது எரிகிறது, நேராக நடந்து வந்தால் எரிவதில்லை!

பதில்: அந்த சென்சார் பார்ப்பது ஆளை அல்ல, நகரும் சூட்டை. லென்ஸ் அதன் பார்வையைப் பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. குறுக்கே நடப்பவர் கீற்றுகளைத் தாண்டித் தாண்டிப் போவதால் உடனே தெரிவார். நேராக வருபவர் ஒரே கீற்றுக்குள்ளேயே வருவதால் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிவார். ஆகவே, பாதை விளக்குக்கு முன்னால் குறுக்காகப் போகும்படி, 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். சும்மா எரிவதற்குக் காரணம் பகலெல்லாம் சூடேறிய செடிகள் காற்றில் அசைவது, ஏசியின் வெளி யூனிட் ஊதும் சூடு, லென்ஸ் மேலேயே வலை கட்டிய சிலந்தி. லென்ஸின் ஒரு பகுதியில் கறுப்பு டேப் ஒட்டினால் அந்தப் பக்கம் பார்க்காது. இரவுச் சூடு 35 டிகிரியை நெருங்கினால் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசம் குறைந்து, எட்டும் தூரம் சுருங்கும். பழுது என்று கழற்றாதீர்கள். ரேடார் சென்சாருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அது பிளாஸ்டிக்கையும் மெல்லிய சுவரையும் ஊடுருவும். உள்ளே நீங்கள் நடந்தாலும் வெளியே எரியும்.

கேள்வி: ஐபி65 விளக்குதான். ஆனாலும் உள்ளே நீர்த்துளிகள் நிற்கின்றன.

பதில்: 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கு, 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதற்கு. பகலில் பெட்டிக்குள் காற்று சூடாகி வெளியேறும். மாலையில் மழை பெய்து பெட்டி சட்டென்று குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, ரப்பர் வளையத்தின் ஓரமாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு இன்னும் இறுக்கி அடைப்பது தீர்வல்ல. பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் நுழையும் இடத்துக்கு முன் வயரை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். சிலிகான் பூசினால், வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' வகை வாங்குங்கள்.

கேள்வி: விளக்கைச் சுற்றி ஒரே பூச்சி.

பதில்: நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளையாக இருக்கும். 3000 கெல்வின் அல்லது அதற்குக் குறைந்த மஞ்சள் ஒளிக்கு மாற்றி, வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி வையுங்கள். குறையும், அறவே போகாது.

கேள்வி: பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து சோலார் விளக்குக்குப் போடலாமா?

பதில்: எல்லாச் செல்லையும் அல்ல. எடுத்ததும் வோல்ட்டை அளந்து பாருங்கள். 2-க்குக் கீழே கிடப்பதைத் தொடவே வேண்டாம். அந்த நிலையில் உள்ளே செம்பு கரைந்திருக்கும், மறுபடி ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மேலுறை கிழிந்ததும் துருப்பிடித்ததும் அப்படியே. மிச்சத்தை 4.2 வோல்ட்டுக்கு ஏற்றி, இரண்டு வாரம் சும்மா வைத்து அளக்கவும். 4.1-க்குக் கீழே இறங்கியதை ஒதுக்கிவிடுங்கள். ஏற்றும்போது கை பொறுக்காத அளவு சூடாகும் செல்லையும் ஒதுக்குங்கள். இங்கே டிபி4056 போர்டு பொருந்தும், பாதுகாப்பு ஐசி சேர்ந்ததாக வாங்கவும். தேறியதைப் பேனலுக்கு அடியில் ஒட்டிவைக்காமல் நிழலில் தனிப்பெட்டியில் வையுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறுவது இந்த வகைக்கு ஆகாது. வெயிலில் காயும் பேனலின் முதுகு 60 டிகிரியைத் தொடும். ஒதுக்கிய செல்களின் இரு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.