முகத்துக்குத் தேசிக்காய் வேண்டாம்: குசினிப் பூச்சுகள் பற்றிய கேள்வி பதில்

மருந்துக் கலவையாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, யாழ்ப்பாணத்து நல்லூரில் என் குசினியில் குளிக்கும் மாவும் மெழுகுக் களிம்பும் கலந்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து வருகிறேன். கடந்த மாதம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கொக்குவில் மாணவி: அக்கா, தேசிக்காய்ப் புளியும் தேனும் பூசினால் முகம் வெளுக்கும் என்கிறார்கள். பூசலாமா?

வேண்டாம் பிள்ளை. அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு நம் தோலுக்கு 5 அளவில் இருக்கிறது. தேசிக்காய்ப் புளிக்கு அது 2 தான். ஒரு புள்ளி குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். மூன்று புள்ளிக்கு ஆயிரம் மடங்கு.

அமிலத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தேசிக்காயில், அதிலும் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்துவிடும். நல்லூர்த் திருவிழா நேரம் தண்ணீர்ப் பந்தலில் பகல் முழுவதும் தேசிக்காய் பிழிந்த பையன் ஒருவன் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சாறு வழிந்த கோடுகள் அப்படியே சிவந்து கொப்புளித்திருந்தன. யாரோ கொதிநீர் ஊற்றியதாகத்தான் தாய் நினைத்திருந்தார். கொப்புளம் ஆறியது. பழுப்புக் கோடுகள் மறைய மாதக்கணக்காயிற்று. வெளுக்கப் பூசி, கறுத்துப்போய் நிற்பீர்கள்.

தேனை மட்டும் பூசிப் பத்து நிமிடத்தில் கழுவுங்கள், முகம் மெதுமெதுப்பாகும். வெளுக்காது. வெளுக்கவும் வேண்டாம். நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் கிடக்கும் ஊர் நம்முடையது. இந்த வெயிலுக்கு உங்கள் நிறம்தான் குடை. அதைக் குறை என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் சொன்னது பிழை.

நெல்லியடித் தாய்: சவர்க்காரம் போட்டால் பிள்ளைகளுக்குத் தோல் வறண்டு வெள்ளை பூக்கிறது. குளிக்க மா செய்வது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். குற்றத்தில் பாதி நம் கிணற்றுடையது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அந்த நீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதும் இந்த நீரால்தான். வாளியின் விளிம்பில் சவர்க்காரக் கசடு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் தோலிலும் அது ஒட்டுகிறது. பயற்றுமாவு அப்படிக் கசடாவதில்லை.

பயறு 250 கிராம் எடுத்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள். பயற்றம் பணியாரத்துக்கு வறுப்பதுபோல் வறுக்க வேண்டாம். காய்ந்த ரோசா இதழ் ஒரு பிடி, விருப்பமானால் வெட்டிவேர் கொஞ்சம். அரைத்ததும் மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள், ஒரு தரமல்ல, இரண்டு தரம். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். முகப்பூச்சு மாவைப்போல் வழுக்க வேண்டும். மணல்போல் நெருடினால் தோலைக் கீறும், மறுபடி சலியுங்கள். குளிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி மாவை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிக் கழுவுங்கள். தோல் மிகவும் வறண்டிருந்தால் தண்ணீருக்குப் பதில் தயிர்.

ஈரக் கரண்டி போத்தலுக்குள் போகவே கூடாது. உலர்ந்த மா மூன்று மாதம் இருக்கும். குழைத்த மா நம் வெக்கையில் மறுநாளே புளித்துவிடும், மிச்சத்தை வாழையடியில் கொட்டுங்கள்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த தலைமுறை நான். பழத்தைப் பிசைந்தால் வரும் அந்த மஞ்சள் நுரையின் மணம் இன்னும் நினைவிருக்கிறது. கைக்கு எட்டியதை வைத்துச் சுத்தமாக இருக்க நமக்குத் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: கற்றாளைச் சோற்றை எத்தனை நாள் வைக்கலாம்?

குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள். ஐஸ் தட்டில் உறைய வைத்தால் ஒரு மாதம். மடலை வெட்டியதும் கால் மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். வடியும் மஞ்சள் பால் அரிப்பைத் தரும், அதைக் கழுவிவிட்டுச் சோற்றை எடுங்கள்.

சாவகச்சேரி: பரு உள்ள முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதா?

தென்மராட்சியாரிடம் தேங்காயைக் குறை சொல்வது கடினம்! ஆனாலும் பரு உள்ள முகத்துக்கு அது வேண்டாம், துவாரங்களை அடைக்கும். கை, கால், முழங்கைக்குத் தாராளமாகப் பூசுங்கள்.

வேலணை: வாடைக் காற்றுக்குக் குதிக்கால் வெடித்து இரத்தம் வருகிறது.

தேன்மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 60 கிராம். கொதிநீர்ச் சட்டிக்குள் சிறு கிண்ணத்தை வைத்து இரண்டையும் உருக்குங்கள், அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். மெழுகு உருக 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அவசரப்படாதீர்கள். இறக்கி ஊற்றி ஆற விட்டால் களிம்பு இறுகிவிடும். 24 பாகைக்கு மேல் தேங்காய் எண்ணெய் தனியே இறுகி நிற்காது, அதனால்தான் இவ்வளவு மெழுகு. நீர் சேராததால் ஆறு மாதம் இருக்கும். இரவில் காலை நனைத்துத் துடைத்து, ஈரம் முழுதாகக் காய முன் பூசிக் காலுறை போடுங்கள்.

நீரிழிவு இருந்தால் இதை நம்பி இருக்க வேண்டாம். இரத்தம் வரும் வெடிப்பை கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆனைக்கோட்டை: பக்கெட் மஞ்சள் தூள் பூசலாமா?

2020 இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது எதை எதையோ கலந்து விற்றார்கள். அன்றிலிருந்து நான் காய்ந்த கிழங்காக வாங்கி மில்லில் கொடுத்துத்தான் அரைக்கிறேன். கால் கிலோ பயற்றுமாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பாருங்கள்.

மானிப்பாய்த் தம்பி: தங்கச்சி சேர்பொருள் பட்டியல் இல்லாத ஒரு வெள்ளைக் கிறீம் பூசுகிறாள். இரண்டு கிழமையில் வெளுத்துவிட்டாள். நல்லதுதானே?

தம்பி, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இத்தனை வேகமாக வெளுக்க வைக்கும், சேர்பொருள் எழுதாத கிறீமில் பாதரசம் இருக்கக்கூடும். அது நிறம் உண்டாவதைத் தடுக்கும். கூடவே தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்தச் சொன்னது. சந்தையில் இன்னும் நிற்கவில்லை. கை, துவாய், தலையணை வழியாக வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பாதரசம் ஒட்டும். குழந்தை இருந்தால் இன்னும் கவனம். சிறுநீர் நுரைத்தாலோ, கை நடுங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிறுத்தியதும் நிறம் முன்பை விடக் கறுத்ததுபோல் தெரியலாம். அவள் பயந்து மறுபடி பூசுவது அப்போதுதான். அந்த நாட்களில் திட்டாமல் பக்கத்தில் இருங்கள்.

டப்பாவைக் குப்பையோடு போட்டு எரிக்க வேண்டாம், பாதரசம் ஆவியாகி மூச்சில் ஏறும். மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் கட்டி, மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள்.