வலி மாத்திரையும் டெஸ்டோஸ்டிரோனும்: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

'வருடக்கணக்கில் மார்ஃபின் வகை மாத்திரை சாப்பிடும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்துவிடுவதுண்டு' என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கேட்ட கேள்விக்கு அது நேரடிப் பதில்கூட இல்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். பெயர்களைப் போடவில்லை, பலரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்தும் வலி விடவில்லை. சில வருடங்களாக மார்ஃபின் மாத்திரை எடுக்கிறார். ஆரம்பத்தில் நன்றாகக் கேட்டது. இப்போது ஆளே மாறிவிட்டார். எதிலும் பிடிப்பில்லை, உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தினமும் சவரம் செய்துகொண்டிருந்தவர் இப்போது நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் செய்கிறார். சோம்பல் என்று நினைத்தேன்; பார்த்தால் தாடியே சரியாக வளரவில்லை. வலி மறுபடியும் கூடுகிறது, டோஸை ஏற்றச் சொல்லுங்கள் என்கிறார். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வலி குறையுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அந்தத் தாடி வரிதான். களைப்பு, சோர்வு, எரிச்சல் எல்லாம் நாள்பட்ட வலி உள்ள யாருக்கும் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தாடி வளர்ச்சி குறைவது, தாம்பத்திய ஆசை அடியோடு போவது, காலையில் இயல்பாக வரும் விறைப்பு நின்றுபோவது ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் குறைவைக் குறிப்பாகச் சுட்டுகிற அடையாளங்கள். கடைசி இரண்டையும் பற்றி உங்கள் கணவர் டாக்டரிடம் தானாக வாய் திறக்க மாட்டார். என் அறையிலும் ஆண்கள் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் அதைச் சொல்கிறார்கள்.

நடப்பது இதுதான். டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது விரைகள் என்றாலும் அதற்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். அது விரைகளை வேலை வாங்கும். மார்ஃபின், மெத்தடோன், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் முதல் படியிலேயே அந்த உத்தரவை அமுக்கிவிடுகின்றன. விரைகளில் கோளாறு எதுவும் இல்லை, உத்தரவு வராமல் சும்மா கிடக்கின்றன. நீண்டகாலம் ஓபியாய்டு எடுக்கும் ஆண்களைப் பரிசோதித்த ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் குறைவு காணப்படுகிறது. இவ்வளவு பரவலான ஒன்றை மருந்துச்சீட்டு எழுதும் டாக்டர்களே கேட்டுப் பார்ப்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

வலி குறையுமா என்றால், 2015ல் 'பெயின்' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஓபியாய்டு எடுத்து டெஸ்டோஸ்டிரோன் குறைந்துபோன 84 ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மறுபாதிக்கு மருந்தில்லாத ஜெல்லும் 14 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. தசையைக் கருவியால் அழுத்தினால் எவ்வளவு சீக்கிரம் வலிக்கிறது என்று அளந்தபோது, டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களுக்கு அந்த அதீத வலிக்கூச்சம் நன்றாகவே குறைந்திருந்தது. தாம்பத்திய ஆசை கூடியது, உடலில் கொழுப்புக்கும் தசைக்கும் இடையிலான கணக்கு மேம்பட்டது. ஆனால் 'உங்கள் வலி இப்போது எப்படி இருக்கிறது' என்று அவர்களையே கேட்டபோது இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை.

ஆக, இதை வலிமாத்திரையாக நினைத்து எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். குறைந்துபோனதை ஈடுகட்டும் மருந்து இது. ஈடுகட்டினால் எழுந்து நடக்கவும், சொன்ன உடற்பயிற்சியைச் செய்யவும், பேரனோடு பேசவும் ஒரு தெம்பு வரும். அதன் வழியாக வலியின் பிடி தளர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், தளராதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டோஸ் ஏற ஏற வலியும் ஏறுகிறது என்றால், ஓபியாய்டே நரம்புகளின் கூச்சத்தைக் கூட்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும், அப்படியும் ஆவதுண்டு. மாத்திரையைக் குறைக்க முடியுமா, புப்ரெனார்ஃபின் போல ஹார்மோனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத மருந்துக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஓபியாய்டு நின்றால் பலருக்கும் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே திரும்பிவிடுகிறது. ஆனால் வீட்டில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, வலியின் பாய்ச்சல் என்று உடம்பு புரட்டிப் போட்டுவிடும். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

இன்னொன்று. இரவில் அவர் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனித்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓபியாய்டு தூக்கத்தில் மூச்சைக் கெடுக்கும்; அது கெட்டிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் கொடுப்பதற்கு முன் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. நானாகவே லேபில் பரிசோதித்தேன். மாலை 5 மணிக்கு ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 270 என்று வந்திருக்கிறது. ஊசி ஆரம்பிக்கலாமா?

பதில்: மாலை 5 மணி ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏற இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். ஆகவே வெறும் வயிற்றில், காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருக்கும் வாரத்தில் எடுக்கக் கூடாது. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது சில லேப் முறைகளில் டெஸ்டோஸ்டிரோன் அளவையே மாற்றிக் காட்டும். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் டெஸ்டோஸ்டிரோனைத் தற்காலிகமாக இறக்கும்.

பருமனில்லாத இளம் ஆண்களின் இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில மருத்துவ அமைப்புகள் 300ஐ எல்லையாக வைக்கின்றன. உடல் பருமன் இருந்தால் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் குறைந்து மொத்த எண்ணும் குறைவாகக் காட்டும். அப்போது ரத்தத்தில் தனித்துத் திரியும் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எண் குறைந்தது உறுதியானால் எல்.எச்., பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் இரண்டையும் பார்த்து, ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் மருந்து. முழங்கால் தேய்மானத்துக்கும் 270க்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றே தெரியாமல் ஊசியைப் பற்றிப் பேசுவது அவசரம்.

கேள்வி: வயது 31. விபத்தில் தோள் நரம்பு பாதித்து, கை எரிச்சல் இரவெல்லாம் தூங்க விடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று உறுதியாகியிருக்கிறது. அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்.

பதில்: தம்பி, அப்படியானால் இப்போது டெஸ்டோஸ்டிரோன் வேண்டாம். வெளியிலிருந்து வந்தால், 'சரக்கு போதும்' என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் கூடவே நின்றுவிடும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். உங்கள் விரைகளையே வேலை வாங்கும் வேறு மருந்துகள் உண்டு. அதற்கு ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு எரிச்சலுக்கு அதற்கென்று உள்ள மருந்துகளை உரிய டோஸில், உரிய காலம் முயன்றாயிற்றா என்பதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜிம்மில் ஒரு நண்பர் ஊசி தருகிறார். 'உடம்பும் ஏறும், வலியும் போகும்' என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஜிம் டோஸ் என்பது பெரும்பாலும் சிகிச்சை டோஸின் பல மடங்கு. நிறுத்தும் நாளில் உங்கள் சொந்தச் சுரப்பு உறங்கிக் கிடக்கும்.

கேள்வி: நான் 46 வயதுப் பெண். ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பில் தொட்ட இடமெல்லாம் வலி. பெண்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கிறார்கள் என்று தோழி சொன்னாள். எனக்கு உதவுமா?

பதில்: பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் உண்டு, ஆண்களைவிட மிகக் குறைந்த அளவில். நாள்பட்ட வலி பெண்களுக்கே அதிகம் வருவதற்கு ஹார்மோனும் ஒரு காரணமா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்கு வெகுநாளாக உண்டு. இத்தாலியில் 2007ல் வந்த ஆய்வு ஒன்றில், டெஸ்டோஸ்டிரோன் எடுத்த திருநம்பிகளில் ஏற்கெனவே வலி இருந்த பலருக்கு அது தணிந்தது. ஈஸ்ட்ரோஜன் எடுத்த திருநங்கைகள் சிலருக்குப் புதிதாக வலி தொடங்கியது. ஃபைப்ரோமயால்ஜியா பெண்களுக்கு ஜெல் கொடுத்துப் பார்த்த சிறு முயற்சியும் நடந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர், சில வாரங்கள், ஒப்பிட வேறு பிரிவு கிடையாது. அதை நம்பி நான் மருந்துச்சீட்டு எழுத மாட்டேன்.

2019ல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கப் போதிய ஆதாரம் உள்ள ஒரே காரணம், மாதவிடாய் நின்ற பிறகு மனதை வருத்தும் அளவுக்குத் தாம்பத்திய ஆசை குறைவது. அந்தப் பட்டியலில் வலி இல்லை. ஆண் ஹார்மோன் குணமுள்ள டானசோல் என்ற மருந்து 1970களிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) வலிக்குப் பயன்பட்டது உண்மை. வலி குறைந்தது, முகப்பரு, ரோமம், குரல் தடிப்பு எல்லாம் கூட வந்தன. குரல் தடித்தால் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாமல் போகலாம். பாடுகிறவரோ பாடம் நடத்துகிறவரோ இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் நோய்க்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சிக்குத்தான் இன்றைக்கும் ஆதாரம் அதிகம். கேட்க அலுப்பாக இருக்கும், தெரியும்.

கேள்வி: தோளில் ஜெல் தடவுகிறேன். கைக்குழந்தையைத் தூக்கலாமா?

பதில்: ஜெல் காய்ந்த பிறகு சட்டை போட்டு மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். தடவிய தோலோடு குழந்தையின் தோல் படக் கூடாது. பட்டுப் பட்டுக் குழந்தைகளுக்கு வயதுக்கு முன்னே பருவ அறிகுறிகள் வந்ததுண்டு. மனைவிக்கும் இதே கவனம் தேவை, கர்ப்பமாக இருந்தால் இரட்டிப்பாக. வீட்டில் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால் ஊசிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக ஊசி போடுகிறேன். ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 600க்கு வந்துவிட்டது. முதுகுவலி அப்படியே இருக்கிறது. டோஸை ஏற்றினால் கேட்குமா?

பதில்: கேட்காது ஐயா. 600 வந்த பிறகு குறைவு என்று ஒன்று இல்லை. இல்லாத குறையை ஈடுகட்ட முடியாது. ஏற்றினால் ஏறுவது ரத்தச் சிவப்பணுதான். ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் தடித்துவிட்டது என்று அர்த்தம், மருந்தை நிறுத்தியாக வேண்டும். ஆரம்பித்த 3 முதல் 6 மாதத்துக்குள் அதைப் பார்த்திருக்க வேண்டும். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையும் உங்கள் வயதுக்குத் தேவை. இரண்டும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

இதயத்துக்கு ஆபத்தா என்ற சந்தேகத்தில் 5,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2023ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாக இருந்தன. எலும்பைப் பலப்படுத்தும் என்று நினைத்த மருந்து. அதே ஆய்வில் எலும்பு முறிவும் கூடுதலாகத்தான் வந்தது.

ஒன்று செய்யுங்கள். வலிக்கு 10க்கு எத்தனை என்று மார்க் போடுவதை விட்டுவிட்டு, ஊசிக்கு முன் முடியாமல் இருந்து இப்போது முடிகிறவை என்னென்ன என்று எழுதிப் பாருங்கள்: எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எந்த வேலைக்குத் திரும்பினீர்கள், மனைவியிடம் பழையபடி பேசுகிறீர்களா. தாளில் ஏதாவது இருந்தால் இதே டோஸில் தொடரலாம், முதுகுக்குத் தனி வழி பார்ப்போம். தாள் வெறுமையாக இருந்தால், அதை டாக்டரிடம் காட்டி ஊசியை நிறுத்துவது பற்றிப் பேசுங்கள். நிறுத்திய பிறகு உங்கள் சொந்தச் சுரப்பு விழித்தெழச் சில மாதங்கள் பிடிக்கும், அந்தக் காலத்தில் சோர்வு கூடும். நீங்களும் ஓபியாய்டு வலி மாத்திரை எடுத்தவராக இருந்தால், அதற்காக அதை மறுபடி ஏற்றிவிடாதீர்கள். உங்கள் டெஸ்டோஸ்டிரோனை முதலில் கீழே இறக்கியதே அந்த மாத்திரையாக இருக்கலாம்.