பலகைக்கு நடுவே கோடு விழுந்தது ஏன்? குன்னூரில் மரக்கப்பல் கட்டுகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் 33 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வீடு குன்னூர் பக்கம். பெங்களூரில் இருக்கும் மகள், டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் மாதிரியைச் செய்யும் மரக் கிட் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். 60க்கு 1 அளவு. அடைமழையில் வெளியே போக முடியாததால் அக்டோபர் கடைசியில் தொடங்கி, நவம்பர் முடிவதற்குள் முதல் அடுக்குப் பலகை முழுவதையும் ஒட்டிவிட்டேன். தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஈரத்தோடு அப்படியே ஒட்டினேன். அன்றைக்கு மயிரிழை இடைவெளி இல்லை. இந்த ஜனவரியில் பார்த்தால் பலகைக்குப் பலகை கோடு. சில இடங்களில் விசிட்டிங் கார்டின் முனையே நுழைகிறது. தெரிந்த ஆசாரி ஒருவர் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து இப்போதே அடைக்கச் சொல்கிறார். அடைப்பதா, எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுவதா? மழைக்காலத்தில் இந்த வேலையே ஆகாதா?

பதில்: பிரிக்க வேண்டாம் ஐயா. இப்போது அடைக்கவும் வேண்டாம். உங்கள் கைவேலையில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒட்டிய அன்று பலகை குடித்திருந்த தண்ணீர்தான் இன்று கோடாகத் தெரிகிறது.

உங்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. ட்ரஃப்பில் பச்சை இலையை வாட்டி எடுத்தவர் நீங்கள். டிரையரிலிருந்து ஏறத்தாழ 3 சதவீத ஈரத்தோடு வெளிவரும் தூளைத் திறந்து வைத்தால், அடுத்த மூடுபனியில் அது மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மரமும் அப்படியே. வெட்டி, அறுத்து, பெட்டியில் அடைத்து, கடல் தாண்டி வந்தாலும் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் ஈரம் மெல்ல 20 சதவீதத்தை எட்டும். 65 சதவீதக் காற்றில் 12. காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரத்தில் 9 சதவீதம்தான் மிஞ்சும். 1.5 மில்லிமீட்டர் பலகைக்கு இந்த மாற்றம் நடக்க ஓரிரு நாள் போதும்.

ஈரம் ஏறும்போது மரம் நீளத்தில் வளர்வதில்லை என்றே சொல்லலாம். அகலத்தில்தான் உப்பும். கிட்டுகளில் முதல் அடுக்குக்குப் பெரும்பாலும் லைம்வுட் அல்லது பாஸ்வுட் கொடுப்பார்கள். மெத்தென்று வளையும், இழைக்க இதமாக இருக்கும். ஆனால் ஈரத்துக்கு நிறைய ஆடுகிற மரம். உள்ளீரம் 1 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ, அறுத்த வாக்கைப் பொறுத்து அகலம் 0.2 முதல் 0.3 சதவீதம் மாறும். தண்ணீரில் ஊறிய பலகையில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் போய்விடும், அந்த இடத்தில் உப்பல் முழுமையடையும். அங்கிருந்து ஜனவரியின் 9 சதவீதத்துக்கு இறங்கினால் 5 மில்லிமீட்டர் பலகை ஒவ்வொன்றும் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை சுருங்கும். உங்கள் விசிட்டிங் கார்டின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு இருபது பலகை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4 முதல் 6 மில்லிமீட்டர். இந்தச் சுருக்கம் எங்காவது வெளிப்பட்டே ஆகவேண்டும். பலகைகளுக்கு நடுவே கோடாக வெளிப்பட்டது நல்லதே. கப்பலின் நடுமுதுகான ஏராவைக் கோணலாக்கியிருந்தால் திருத்தவே முடியாது.

அதனால் முதலில் ஏராவைப் பாருங்கள். கிட்டில் நடுமுதுகாக வரும் ஒட்டுப்பலகைத் தகட்டைத்தான் ஏரா என்கிறேன். தோணி கட்டுகிறவர்களின் சொல் அது. கப்பலைத் தலைகீழாகப் பிடித்து, முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையில் சுக்கான் பக்கம் வரை அடிப்பகுதி நெடுக ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலும் ஏராவும் எங்காவது 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகாவிட்டால் கவலையில்லை. அடுத்து, விலா எலும்புபோல் குறுக்கே நிற்கும் ஒவ்வொரு வங்குச் சட்டத்தின் மேலும் பலகையை நகத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒட்டிய இடத்தின் ஓசை வேறு, விட்டுப்போன இடத்தின் ஓசை வேறு. ஓசை மாறும் இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஊசிபோட்ட சிரிஞ்சால் இடுக்கு வழியாக உள்ளே செலுத்தி, ரப்பர் வளையம் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் இப்போதே செய்யலாம்.

இனி அடைப்பதைப் பற்றி. ஆசாரி சொன்ன முறை சரியானது, பருவம்தான் தவறு. அவர் கதவும் ஜன்னலும் செய்கிறவராக இருப்பார். அங்கே பலகை சட்டத்துக்குள் கொஞ்சம் அசைய இடம் விட்டிருப்பார்கள். நம் கப்பலின் உடம்பில் அந்த வசதி இல்லை. ஆண்டின் மிக வறண்ட நாளில் இடுக்கை இறுக அடைத்துவிட்டால், மழை திரும்பும்போது பலகைகள் உப்ப இடமிருக்காது. ஒன்றையொன்று நெருக்கி, சட்டத்தை விட்டு மேலே கிளம்பும். மேலே இரண்டாம் அடுக்காக ஒட்டப்போகும் வால்நட் மரத்தகடு 0.5 மில்லிமீட்டர்தான். அடியில் எழும் வரப்பு அதில் அப்படியே தெரியும்.

நிஜக் கப்பல் கட்டியவர்கள் இந்தத் தொல்லையை நன்றாக அறிந்தவர்கள். கலப்பற்று வேலை அதற்காகவே வந்தது. பலகை இடுக்குகளில் ஐரோப்பியர் தார் தோய்த்த சணலைத் திணித்தார்கள். நம் கடற்கரைத் தச்சர்கள் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார்கள். பலகை உப்பினால் அமுங்கிக் கொடுக்கும், சுருங்கினாலும் இடுக்கை விட்டு அகலாது. தேக்கு இன்னும் தேவலை. பாஸ்வுட் ஆடுவதில் அறுபது சதவீதம் அளவுக்கே தேக்கு ஆடும். மலபார் தேக்கால் 1817இல் பம்பாயில் கட்டி முடித்த திருக்கோணமலை என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கட்டும் பீகிளுக்கு அது கிட்டத்தட்ட சமகாலம்: பீகிள் 1820இல் நீரில் இறங்கியது, உடல் நீளம் சுமார் 27.5 மீட்டர், உங்கள் மேசையில் 46 சென்டிமீட்டர்.

எப்போது அடைப்பது என்றால், காற்று நடுவாந்திரமாக இருக்கும்போது. ஆண்டின் இரண்டு கோடிகளுக்கும் நடுவே நின்று ஒட்டினால், மழையில் கொஞ்சம் உப்பி, வறட்சியில் கொஞ்சம் சுருங்கி, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் முடிந்துவிடும். சில நூறு ரூபாய்க்குச் சின்ன டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது; தொழிற்சாலையில் ஈரக்குமிழ், வறள்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்த கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான். வேலை செய்யும் அறையிலேயே வையுங்கள். 55க்கும் 65க்கும் இடையில் ஒரு வாரம் நிலையாக நின்றால் அதுதான் உங்கள் நாள். அதைவிட நான் நம்புவது தராசை. மீதமிருக்கும் பலகைகளை 100 கிராம் அளவுக்கு ஒரு கட்டாகக் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். வறண்ட வாரத்தில் 100 கிராம் இருந்த கட்டு விடாத மூடுபனியில் 110ஐ நெருங்கும். நடுவே 103 பக்கம் நான்கு நாள் அசையாமல் நின்றால், மரம் அறையோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள்.

அந்த நாள் வரும்போது உங்கள் கோடுகள் தானாகவே கொஞ்சம் மெலிந்திருக்கும். மிஞ்சியதில் அகலமானவற்றுக்கு அதே மரத்திலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, பசை தொட்டுச் செருகுங்கள். மயிரிழைக் கோடுகளுக்கு ஆசாரி சொன்ன தூளும் பசையும். சுவருக்குப் பூசும் பட்டியோ லப்பமோ வேண்டாம். மரம் ஆடும்போது அது உதிரும். பிறகு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் முதலில் 120, அடுத்து 240 எண் போட்டுத் தேயுங்கள். விரலால் நேரடியாகத் தேய்த்தால் பலகை நடுவே குழி விழும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடு கைக்குத் தப்பாது.

இரண்டாம் அடுக்கில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: ஈரப் பலகையை ஒட்டாதீர்கள். ஊறவைத்து வளைப்பதில் தவறில்லை. பதினைந்து இருபது நிமிடம் ஊறினால் போதும். கப்பலின் மேலேயே வளைத்து, கிளிப் போட்டு, பசையில்லாமல் காயவிடுங்கள். சமவெளியில் ஓர் இரவு போதுமாக இருக்கும். இங்கே மூடுபனி நாளில் இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ந்து, வளைவோடு நின்ற பிறகு எடுத்து ஒட்டுங்கள். மெல்லிய வால்நட் தகட்டுக்கு ஊறலும் தேவையில்லை; ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தொட்டாலே வளைந்துகொடுக்கும்.

அவசரத்தில் கணப்புப் பக்கமோ ரூம் ஹீட்டர் முன்னாலோ கொண்டுபோய் வைக்கவே கூடாது. நான் முதன்முதலில் கட்டிய ஒற்றைப் பாய்மரக் கப்பலை அப்படித்தான் இழந்தேன். ஜூலை மழை, ஊட்டி வீடு, நெருப்புக்கு இரண்டடி தள்ளி ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். நெருப்பைப் பார்த்த பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கி, விடிவதற்குள் ஏரா ஒரு பக்கமாக வில்லைப்போல் இழுத்துக்கொண்டது. நான்கு மாத வேலை. காயவைக்க நல்ல இடம் சமையலறைப் பரண்தான். சூடு மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக வரும்.

பசையையும் குளிரையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காய்ந்த இடம் கண்ணாடிபோல் தெளியாமல் சுண்ணாம்புத் தூளாக வெளுத்துக் கிடந்தால் அந்த ஒட்டை நம்பாதீர்கள். ஜனவரி இரவில் ஒட்டாமல், வெயில் ஏறிய பிறகு பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஒட்டுங்கள். புட்டியையும் குளிரில் விட்டுவைக்காமல் அடுக்களையில் வையுங்கள். ஃபெவிக்விக் வகையோ இதற்கு நேர் எதிர். காற்றிலிருக்கும் ஈரத்தால்தான் அது இறுகுகிறது. மூடுபனியில் நினைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் வெண்படலமும் விடும். வால்நட்டின் கறுப்பில் அந்த வெள்ளை அசிங்கமாகத் தெரியும். பலகையின் நுனியைப் பிடித்துவைக்க ஒரு துளி போதும், மற்றதெல்லாம் வெள்ளைப் பசை.

மேல் அடுக்கு முடிந்ததும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகை மூன்று நான்கு பூச்சு மெல்லியதாகக் கொடுங்கள். ஈரத்தை அது முழுக்க நிறுத்தாது, மெதுவாக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்; ஒரு வாரத்து மூடுபனி மரத்துக்குள் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும். முதல் அடுக்கின் மேல் மட்டும் பூசிவிடாதீர்கள், இரண்டாம் அடுக்கின் பசை பிடிக்காது. ஈரக்காற்றில் பூசினால் அரக்கு வெளுக்கும், அதனால் இதற்கும் வெயில் நாள். அடுத்த கப்பல் கட்டும்போது, மேல்தளத்தை மூடுவதற்கு முன்பே வங்குச் சட்டங்களின் உள்பக்கங்களுக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். பசை படவேண்டிய விளிம்புகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பாய்மரக் கயிறுகளுக்கு வரும்போது பருத்தி நூலைத் தள்ளிவைத்துவிட்டு பாலியெஸ்டர் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி ஈரத்தில் விறைக்கும், வெயிலில் தொய்யும், மூன்றாவது மழையில் பூஞ்சணமும் பூக்கும். நூலில் பிசிறு நிற்காமலிருக்க, தேன்மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்தெடுங்கள். கோத்தகிரிப் பக்கம் தேன் விற்கும் கடைகளில் நல்ல மெழுகு கிடைக்கும்.

மழைக்காலத்தில் வேலையே கூடாதா என்றால், பலகை ஒட்டுவது மட்டும்தான் கூடாது. ஊட்டி, கூடலூரில் இருப்பவர்கள் தென்மேற்கு மழையை நினைத்து ஜூனில் நிறுத்த வேண்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான், கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய அப்படியே. அந்த இரண்டு மாதத்துக்கென்று வேலைகளை எடுத்துவையுங்கள். பீரங்கிகளைச் சுத்தம் செய்து கறுப்படிக்கலாம். கப்பிகளின் துளைகளை ஊசியால் துடைத்துக் கயிறு கோத்துப் பார்க்கலாம். நங்கூரம் இருக்கிறது, ஏணிக்கயிற்றின் முடிச்சுகளைப் பழக ஓர் அட்டைச் சட்டம் போதும். பீகிளில் சின்னப் படகுகளும் உண்டு. ஒவ்வொன்றும் கையில் அடங்கும், உள்ளங்கைச் சூட்டிலேயே காய்கிற அளவு மரம். அவற்றை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.