பெட்ரோனாஸ் கோபுரம்: அந்தி வெளிச்சம் பதினைந்தே நிமிடம்

கேள்வி: உறவினர் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போகிறேன், ஒரு சாயங்காலம்தான் ஓய்வு. 18-55 லென்ஸுடன் சாதாரண டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறேன். போன தடவை எடுத்த படத்தில் இரட்டைக் கோபுரம் பின்னால் சாய்ந்து, விளக்குகள் வெள்ளைத் திட்டாகி, வானம் கன்னங்கரேலென்று வந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: வானம் கறுத்துப்போனது நேரத்தால். ‘ப்ளூ ஹவர்’ (அஸ்தமனத்துக்குப் பின் வானம் நீலமாக இருக்கும் நேரம்) என்று எங்கோ படித்துவிட்டு ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று டீ குடிக்கப் போயிருப்பீர்கள். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது, அங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். வருடம் முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் அஸ்தமனம். அது முடிந்த பத்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரைக்கும் வானத்தின் நீலமும் விளக்கும் சமமாக நிற்கும், அவ்வளவுதான். 6.30க்கே போய் இடம் பிடித்துவிடுங்கள்.

சாய்வு வருவது கேமராவை அண்ணாத்திப் பிடிப்பதால். கோபுரம் 452 மீட்டர். உங்கள் கேமராவை நெட்டுவாக்கில், சாய்க்காமல் பிடித்து 18 எம்எம்மில் உச்சி வரை அடக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 700 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் (அப்போதும் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரைதான்). பின்பக்கத்துக் கேஎல்சிசி பூங்காவின் மறுகோடிக்குப் போனாலும் அவ்வளவு தூரம் கிடைக்காது. அதனால் கொஞ்சம் சாய்த்தே எடுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் நிமிர்த்தும்போது ஓரம் வெட்டுப்படும். முழுசாக நிமிர்த்தாதீர்கள், தலை வீங்கின மாதிரி ஆகிவிடும். இன்னொரு வழி, தள்ளி நின்று எடுக்கச் சலோமா பாலத்துக்கு நடந்து போய்விடுவது. 2020இல் திறந்த நடைபாலம், கம்போங் பாரு பக்கம் ஆற்றைக் கடக்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அம்பாங் சாலைப் பக்கம் முன்வாசலில்தான் நிற்பேன் என்றால், சாய்வை மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு கோபுரத்துக்கும் நட்டநடுவே வந்து நின்று, 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலம் படத்தின் மையக்கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். ஓரடி தள்ளி நின்றாலும் காட்டிக்கொடுக்கும்.

அமைப்பு சுலபம்: ஐஎஸ்ஓ 100, எஃப்8, ட்ரைபாட், 2 வினாடி டைமர். லென்ஸில் அதிர்வு தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். கோபுரத்தின் எஃகும் கண்ணாடியும் வெள்ளை விளக்கில் பளீரென்று மின்னும், கேமராவோ இருண்ட வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதனால்தான் உங்களுக்குத் திட்டு விழுந்தது. எக்ஸ்போஷரை மைனஸ் 1க்கு இறக்கி, ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. ட்ரைபாடைக் காவலர் வேண்டாமென்றால் வாதாடாமல் கைப்பிடிச்சுவர் மேல் பையை வைத்து அதன்மேல் கேமராவை வையுங்கள்.

அப்புறம் ஒன்று. நான் முதல் தடவை ஏசி அறையிலிருந்து நேரே இறங்கிப் போய் கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிட்டது, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது, அது தெளிவதற்குள் வானம் இருட்டிவிட்டது. பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.